ஜான் மக்கார்மக்கின் வானொலிப் பதிவுகள்: எது மிஞ்சியது, எப்படிக் கேட்பது?

ஊசிமுனை:

அயர்லாந்தின் டெனர் பாடகர் மக்கார்மக் என்றாலே நாம் எல்லோரும் 1916இல் அவர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிய மொசார்ட் தட்டில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறோம். அதில் உள்ள 'இல் மியோ தெசோரோ' என்ற ஓபராப் பாட்டின் நடுவில் வரும் அந்த நீண்ட சுர ஓட்டத்தை ஒரே மூச்சில் பாடியிருப்பார். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அது ஊதுகுழலுக்குள் பாடிப் பதிந்த காலம், மைக் வருவதற்கு முன். அதற்குப் பிறகு 1925 தொடங்கி இரண்டாம் உலகப்போர் நடுப்பகுதி வரை அந்த மனிதர் வானொலியில் பாடியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பற்றி இந்த மன்றத்தில் ஒரு இழைகூட இல்லை. அதற்காகத்தான் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானொலியிலிருந்து தப்பி வந்த பதிவுகளைச் சேகரிப்பாளர்கள் 'இதையும் வைத்துக்கொள்வோம்' என்று கடைசி அடுக்கில் வைக்கிறார்கள். எனக்கு அவை முதல் அடுக்கு. ஸ்டுடியோவில் பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிஷம், பன்னிரண்டு அங்குலத்தில் நாலு நாலரை நிமிஷம். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். வானொலியில் அந்தக் கட்டாயம் இல்லை. சரணத்துக்கும் சரணத்துக்கும் இடையில் அவர் எடுத்துக்கொள்ளும் நேரம், அறிவிப்பாளர் பெயர் சொன்னதும் பியானோ தொடங்கும் முன் வரும் சின்ன இடைவெளி, பாட்டுக்கு முன் அவரே பேசும் இரண்டு வாக்கியம், இதெல்லாம் தட்டில் கிடைக்காது. அயர்லாந்தின் நடுவில் இருக்கிற அத்லோனில் 1884இல், ஒரு கம்பளி ஆலைத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். அந்த ஊர்ப் பேச்சு அவர் வாயில் கடைசிவரை இருந்தது. பேசும்போது கேட்டால் தெரியும்.

உங்களிடம் என்ன இருக்கிறது, எப்படிக் கேட்கிறீர்கள், எழுதுங்கள்.

சிற்றலை41:

நல்ல இழை அண்ணா. வானொலிக் கதை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

1925 ஜனவரி 1, நியூயார்க் வீஃப் நிலையம். விக்டர் நிறுவனம் தன் பாடகர்களை முதல் தடவையாக வானொலிக்கு அனுப்பிய இரவு. மக்கார்மக்கும் சொப்ரானோ லுக்ரேசியா போரியும் பாடினார்கள். அதுவரை தட்டுக் கம்பெனிகள் வானொலியைப் பகையாகத்தான் பார்த்தன. காற்றில் இலவசமாக வந்தால் தட்டை யார் வாங்குவார்கள் என்ற பயம். அன்றைக்கு நடந்தது நேர் எதிர். இர்விங் பெர்லினின் 'ஆல் அலோன்' பாட்டை மக்கார்மக் பாடியதும் அதன் தட்டுக்கும் அச்சிட்ட பிரதிக்கும் கடைகளில் கிராக்கி எகிறிவிட்டது. பயந்தது நாடகக் கொட்டகைக்காரர்கள்தான். ஜனம் எல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது என்று புலம்பினார்கள்.

ஒலிபரப்பைப் பதிந்து வைக்கும் வழக்கமே அப்போது கிடையாது. ஆகவே அந்த இரவின் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க நமக்கிருக்கும் ஒரே வழி, அந்தக் காலத்தில் விக்டருக்கு அவர் பாடிய அதே பாட்டின் தட்டு. அதே 1925இல் மின்சார முறைப் பதிவு வந்துவிட்டது. பழைய ஊதுகுழல் தட்டையும் பிந்தைய மின்சாரத் தட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். மைக் அவருக்காகவே செய்தது போல இருக்கும். கத்திப் பாடுகிறவர் இல்லை. மென்மையான குரலில், ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும்படி பாடுகிறவர். ஊதுகுழல் அதில் பாதியைத் தின்றுவிட்டது.

லிஃபிக்கரை:

டப்ளினில் பல வருஷமாக இருக்கிறேன். 1932 பற்றி நான் எழுதாவிட்டால் பாவம்.

அந்த வருஷம் ஜூன் 26, ஃபீனிக்ஸ் பார்க்கில் கத்தோலிக்கர்களின் உலக நற்கருணை மாநாட்டின் நிறைவுத் திருப்பலி. பத்து லட்சம் பேர் என்று சொல்லும் கூட்டம். மக்கார்மக் போப் கொடுத்த கவுண்ட் பட்டத்துக்குரிய சீருடையில் (1928இல் பதினோராம் பயஸ் கொடுத்தது) நின்று சீசர் ஃபிராங்க் இசையமைத்த 'பானிஸ் ஆஞ்சலிகுஸ்' என்ற லத்தீன் பக்திப் பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டின் ஒலி செய்திப் படச்சுருளில் தப்பியிருக்கிறது. யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இப்போது பார்க்குக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் பெரிய வெள்ளைச் சிலுவைதான் அந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது வைத்தது.

இதில் என்னைப் பிடித்து உலுக்குவது வேறு. அன்று பாடகர் குழுவை நடத்தியவர் வின்சென்ட் ஓபிரையன். இருபது வயதுகூட ஆகாத மக்கார்மக்கைத் தன் டப்ளின் பேராலயக் குழுவில் சேர்த்துப் பழக்கியவர் அவர்தான். 1903இல் ஃபெய்ஸ் கியோல் என்ற டப்ளின் இசைப் போட்டிக்குத் தயார் செய்து தங்கப் பதக்கம் வாங்க வைத்தவரும் அவரே. (அடுத்த வருஷம் அதே போட்டியில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் பாடினார், முன்பின் பார்க்காத இசைத்தாளைப் பார்த்துப் பாட மறுத்துவிட்டார்.) அந்த ஓபிரையன் 1926இல் டப்ளினில் வானொலி ஆரம்பித்தபோது அதன் முதல் இசை இயக்குநர் ஆனார். இன்னொன்று: இந்த மாநாட்டுக்காகத்தான் அத்லோனில் கட்டிக்கொண்டிருந்த 60 கிலோவாட் பெரிய டிரான்ஸ்மிட்டரை அவசரமாக முடுக்கிவிட்டார்கள். அவருடைய குரலை எல்லைக்கு அப்பால் கொண்டுபோனது அவர் பிறந்த ஊரின் கோபுரம். பிறகு பல வருஷம் ஐரோப்பிய ரேடியோ பெட்டிகளின் டயலில் லண்டன், பாரிஸ் பக்கத்தில் 'அத்லோன்' என்று அச்சாகியிருக்கும்.

பதிவைப் பற்றி: திறந்த வெளி, தூரத்தில் மைக், ஒலிபெருக்கிகளின் எதிரொலி. குரல் ஒரு இடத்திலிருந்து வராமல் பூங்கா முழுவதிலிருந்தும் வருகிற மாதிரி இருக்கும். ஸ்டுடியோத் தட்டில் அதே பாட்டு இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் இங்கே அவருக்கு அந்தப் பெருவெளியை நிரப்ப வேண்டும். வழக்கமான மென்மையை விட்டு, நெஞ்சிலிருந்து குரலை எடுத்து வீசுகிறார். இந்தக் குரலும் அவரிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

புதுச்செவி:

எல்லோருக்கும் வணக்கம். நான் புதிது. ஒரு விஷயம் குழப்புகிறது. 1930களின் முற்பகுதி அமெரிக்க ஒலிபரப்பு என்று சொல்லிக் கிடைப்பவை கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கின்றன. போர்க்காலத்து பி.பி.சி. பதிவுகள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் குரல் முதலாவதில்தான் நன்றாக இருக்கிறது. ஏன் இப்படி?

ஊசிமுனை:

தம்பி, சரியான கேள்வி. நல்ல குரலும் நல்ல பதிவுமுறையும் ஒரே காலத்தில் வரவில்லை, அதுதான் காரணம்.

1933-34இல் என்.பி.சி. என்ற அமெரிக்க வானொலி வலையத்தில் அவருக்கு வாராவாரம் நிகழ்ச்சி இருந்தது, வாய் கொப்பளிக்கும் மருந்து விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆதரவில். அப்போது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. உச்ச சுரங்கள் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் சாரீரம் முழுசாக இருந்த காலம். ஆனால் பெரிய வானொலி வலையங்கள் அன்று நேரலையைத் தவிர வேறொன்றையும் மதிக்கவில்லை. கிழக்குக் கரைக்கு ஒரு தடவை, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கு மறுபடி ஒரு தடவை என்று பாடகர்களை நிற்க வைத்துப் பாட வைத்த நிகழ்ச்சிகள் எத்தனையோ உண்டு. பதிந்து போட்டிருந்தால் ஒரு தடவை போதும். போடமாட்டார்கள்.

அப்புறம் யார் பதிந்தார்கள்? காசு கொடுத்தால் ஒலிபரப்பைக் காற்றிலிருந்து பிடித்துத் தட்டில் வெட்டிக் கொடுக்கும் சின்ன ஸ்டுடியோக்கள் நியூயார்க் போன்ற நகரங்களில் இருந்தன. விளம்பரதாரர், பாடகர், சில சமயம் வசதியான ரசிகர்கூட வாடிக்கையாளர். 1934 வாக்கில் லாக்கர் தட்டுகள் வரும்வரை அவர்களிடம் இருந்தது வெறும் அலுமினியத் தட்டு. அதில் ஊசி வெட்டாது, அழுத்தித் தடம் பதிக்கும். மேல்சுரங்கள் தேறாது, இரைச்சல் அதிகம், இரும்பு ஊசி போட்டால் ஒரே சுற்றில் தடம் போய்விடும். முள், மூங்கில் ஊசிகளைத்தான் பயன்படுத்தச் சொன்னார்கள். அதற்கும் மேல், வானொலிப் பெட்டியே ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் தராது. கிணறு என்று நீங்கள் சொன்னது அதைத்தான்.

அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் லாக்கர் தட்டு பரவலாகிவிட்டது. அலுமினியத் தகட்டின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு, அதில் ஊசி நூல் நூலாக வெட்டிக்கொண்டு போகும், மேற்பரப்பு பட்டு மாதிரி அமைதி. பதினாறு அங்குலத் தட்டு, 33⅓ சுற்று வேகம், பக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம். ஆனால் அப்போது அவர் விடைபெறும் கட்டத்தில் இருந்தார். 1938 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைக் கச்சேரி. இரண்டு வருஷம் முன்னதாக அந்த லாக்கர் வந்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

சிற்றலை41:

பி.பி.சி. பக்கம் வேறு கதை. அங்கே 1930களின் தொடக்கத்திலேயே பிளாட்னர்ஃபோன் என்று ஒரு யந்திரம், இரும்பு நாடாவில் பதிவது. நாடா அறுந்தால் கூரிய விளிம்பு கத்தி மாதிரி வீசும். பிறகு தட்டு வெட்டும் யந்திரங்கள் வந்தன. ஆனால் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கேயும் இல்லை. 1930களின் நடுவில் மேரி ஸ்லோகம்ப் என்ற இளம் ஊழியரிடம் ஒரு குவியல் தட்டைக் கொடுத்துக் கழித்துவிடச் சொன்னார்கள். அவர் புரட்டிப் பார்த்தால் பெர்னார்ட் ஷா, சர்ச்சில், எச்.ஜி. வெல்ஸ். கழிக்க மறுத்துவிட்டார். பி.பி.சி.யின் நிரந்தர ஒலிக்களஞ்சியம் அப்படித்தான் பிறந்தது.

போர் வந்ததும் மக்கார்மக் ஓய்விலிருந்து திரும்பினார். செஞ்சிலுவைச் சங்கத்துக்காகக் கச்சேரிகள், பி.பி.சி.யில் நிகழ்ச்சிகள். பிரிட்டிஷ் படையில் இருந்த அயர்லாந்துக்காரர்களுக்காக 1941இல் ஆரம்பித்த 'ஐரிஷ் ஹாஃப் அவர்' அதில் முக்கியமானது. அந்தப் பதிவுகள் காற்றில் பிடித்தவை அல்ல, ஸ்டுடியோவிலிருந்து நேர்க்கம்பியில் வந்தவை. அதுதான் புதுச்செவி கேட்ட தெளிவு. அதற்கு விலையும் இருந்தது. அலுமினியம் எல்லாம் விமானம் கட்டப் போய்விட்டது, லாக்கரைக் கண்ணாடியின் மேல் பூசினார்கள். கீழே விழுந்தால் அவ்வளவுதான்.

கரகரப்பு எதிர்ப்பாளன்:

எல்லாம் சரி. ஆனால் ஒரு சாதாரண ரசிகனாகச் சொல்கிறேன், இந்த இரைச்சலோடு என்னால் கேட்க முடியவில்லை. இன்றைக்கு மென்பொருள் ஒரு நிமிஷத்தில் சுத்தம் செய்து தருகிறது. சுத்தம் செய்த பதிவை என் அம்மாவுக்குப் போட்டேன், கடைசிவரை கேட்டார். அசலைப் போட்டால் இரண்டாவது வரியில் எழுந்து போய்விடுவார். பாட்டு கேட்கத்தானே? ஏன் இந்த அசல் பிடிவாதம்?

ஊசிமுனை:

அம்மாவுக்குப் போடுவதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. டிக், டிக் என்ற வெட்டொலியை எடுப்பதும் தப்பில்லை. ஆனால் தொடர் இரைச்சலை மென்பொருள் எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒரு எல்லை வைத்து, அதற்குக் கீழே இருப்பதை எல்லாம் இரைச்சல் என்று வெட்டுகிறது. மக்கார்மக்கின் சிறப்பே அந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. வரியின் கடைசியில் குரலை மெலித்து மெலித்து, அடைக்காமல், மூச்சாகவே கரைக்கிறாரே, அந்தக் கடைசி அரை விநாடி. எஸ், டி, எஃப் ஒலிகள். இவை எல்லாம் இரைச்சலின் உயரத்திலேயே இருப்பவை. அழுத்திச் சுத்தம் செய்த பதிவில் 'ஷீ மூவ்ட் த்ரூ த ஃபேர்' மாதிரி ஒரு பாட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவும் கத்தரித்த மாதிரி நிற்கும். அவர் அப்படிப் பாடவில்லை. அவர் எந்தக் காரணத்துக்காகப் பெரிய பாடகரோ அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு மீதியைத் தருகிறோம்.

லிஃபிக்கரை:

எனக்கு இதில் நடு வழி தெரிகிறது. சுத்தம் செய்தது ஒன்று, செய்யாதது ஒன்று, இரண்டையும் போடட்டும். இணையத்தில் சுத்தம் செய்தது மட்டும் பரவி, அசல் நகல் காணாமல் போவதுதான் ஆபத்து. யார், எந்தத் தட்டிலிருந்து, எப்போது எடுத்தார்கள் என்று ஒரு வரி விவரம்கூட இல்லாமல் '1934 அரிய பதிவு' என்று போடுகிறார்கள். கேட்டால் அது 1930இல் ஃபிராங்க் பார்சேகி இயக்கிய 'சாங் ஓ மை ஹார்ட்' படத்தின் ஒலித்தடம். 'ரோஸ் ஆஃப் டிராலி' அதில்தான் வருகிறது. நல்ல பாட்டு, ஆனால் வானொலி இல்லை.

மெட்டுக்கணக்கு:

இரைச்சலைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், வேகத்தை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் வேகம்தான் பெரிய குற்றம்.

இந்தத் தட்டுகளை வெட்டிய யந்திரங்கள் சொன்ன வேகத்தில் ஓடவில்லை. இன்று 33⅓இல் போட்டால் சரியான சுருதி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வேகம் நாலு சதவீதம் கூடினால் சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். கேட்பவருக்கு 'குரல் ஒல்லியாக, பதற்றமாக இருக்கிறது' என்று படும். வயதாகிவிட்டது என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். பாட்டை வைத்துச் சரிபார்க்கவும் முடியாது. வயதுக்கு ஏற்ப அவர் சுருதியை இறக்கிக்கொண்டே வந்தார். முந்தைய தட்டில் எந்தச் சுருதியோ அதே சுருதி என்று எடுத்துக்கொண்டால் இருபது வயது இளைஞனாக்கிவிடுவோம்.

ஆனால் வானொலிப் பதிவில் ஒரு வசதி உண்டு, தட்டில் இல்லாதது. என்.பி.சி. நிகழ்ச்சி முடிவில் மூன்று மணியொலி அடிப்பார்கள். மேற்கத்திய முறையில் ஜி, இ, சி. பதிவை நிறுத்தாமல் அதுவரை ஓட விட்டிருந்தால் நமக்கு ஒரு சுருதிப்பெட்டியே கிடைத்த மாதிரி. அந்த சி சரியாக விழும்படி வேகத்தை மாற்றுங்கள், பாட்டும் சரியாகிவிடும். மணியொலி இல்லையென்றால் மின்சார ரீங்காரத்தைத் தேட வேண்டும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டனில் 50. அமெரிக்கப் பதிவில் அது 62.4இல் நின்றால் நாலு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: உங்கள் சொந்தக் கருவியின் ரீங்காரமும் அதில் கலந்திருக்கும். அது ஆடாமல் நிற்கும். தட்டில் உள்ளது தட்டோடு சேர்ந்து லேசாக ஆடும். ஒலியின் அலைவரிசைகளைக் கோடுகளாகக் காட்டும் அலைமாலைப் படத்தில் இரண்டும் தனித்தனிக் கோடாகத் தெரியும்.

என்னிடம் இருந்த ஒரு 1930கள் ஒலிபரப்பை இப்படிச் சரிசெய்தேன். வேகம் குறைந்ததும் குரலில் நடுப்பகுதி திரும்பி வந்தது. அதிர்வு நிதானமானது. அறிவிப்பாளர்கூட மனுஷனாகிவிட்டார்.

கரகரப்பு எதிர்ப்பாளன்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் வைத்திருக்கும் 'சுத்தமான' பதிவில் மணியொலி கடைசியில் வெட்டப்பட்டிருக்கிறது. இடத்தை அடைக்கிறது என்று எடுத்திருப்பார்கள் போல. இரைச்சல் விஷயத்தில் என் கட்சி மாறவில்லை. ஆனால் அறிவிப்பையும் மணியையும் வெட்டக்கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

புதுச்செவி:

போர்க்காலப் பதிவுகளில் குரல் சிறுத்திருக்கிறதே, அது வேகக் கோளாறா, வயதா?

லிஃபிக்கரை:

உடம்பு. நுரையீரல் விரிவு நோய் அவரைப் பிடித்திருந்தது. மூச்சுதான் அவருடைய மூலதனம், அதுதான் குறைந்துகொண்டே போனது. ஜெரால்ட் மூர் பியானோவோடு எச்.எம்.வி.க்கு 1942 செப்டம்பர் வரை பதிந்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். 1945 செப்டம்பர் 16, டப்ளின் பூட்டர்ஸ்டவுனில் கடலைப் பார்த்த வீட்டில் இறந்தார். வயது 61.

அந்தக் கடைசிப் பதிவுகளைக் கேட்கும்போது நான் மூச்சு எடுக்கும் இடங்களைக் கவனிப்பேன். 1916இல் ஒரே மூச்சில் தாண்டிய தூரத்தை இப்போது மூன்றாகப் பிரிக்கிறார். ஆனால் பிரிக்கும் இடம் எப்போதும் அர்த்தம் முறியாத இடம். சொல்லின் நடுவில் ஒரு தடவைகூட இல்லை. தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து, பாட்டுக்குப் பங்கம் வராமல் செலவழிக்கிறார். இளம் பாடகர்களுக்கு நான் மொசார்ட் தட்டைவிட இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நியூஜெர்சி நாடோடி:

இழையைப் படித்துவிட்டு அவசரமாக எழுதுகிறேன். பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி பதினாறு அங்குலத் தட்டு வாங்கினேன். ஒன்றின் லேபிளில் பென்சிலில் 'மக்கார்மக்', பக்கத்தில் 'இன்சைட் ஸ்டார்ட்' என்று எழுதியிருக்கிறது. மேலே வெள்ளையாக, மெழுகு மாதிரி படலம். துடைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கட்டுமா?

ஊசிமுனை:

ஐயா, துடைக்க வேண்டாம், போடவும் வேண்டாம். உலர் துணியால் ஒரு தடவைகூட வேண்டாம்.

அந்த வெள்ளைப் படலம் பூஞ்சை அல்ல. லாக்கர் இளகியிருக்க ஆமணக்கு எண்ணெய் சேர்ப்பார்கள். அது காலப்போக்கில் சிதைந்து பால்மிட்டிக் அமிலமாக மேலே கசிகிறது. எண்ணெய் போகப்போகப் பூச்சு சுருங்கும், கீழே இருக்கும் தகடு சுருங்காது. ஒரு நாள் பூச்சு வெடித்து உரியும். அழுத்தித் துடைத்தால் அந்த நாள் இன்றைக்கே வரும். 'இன்சைட் ஸ்டார்ட்' என்றால் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது. சாதாரண டர்ன்டேபிளில் வழக்கம்போல ஊசியை ஓரத்தில் வைத்தால் முடிவுப் பகுதியில்தான் இறங்கும்.

தட்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயில், ஈரம் படாத அறையில். லேபிள், உறை, உள்வட்டத்தில் கீறியிருக்கும் எண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். விரல் நுனியால் ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் உலோகமா கண்ணாடியா என்று சத்தத்தில் தெரியும். கண்ணாடி என்றால் இரண்டு கையாலும் பிடிக்காமல் நகர்த்தாதீர்கள். அதன் பிறகு லாக்கர் தட்டுகளைக் கழுவி நகலெடுக்கத் தெரிந்த ஒரு ஆவணக்காப்பக ஆளிடம் போக வேண்டும். நல்ல நிலையில் நல்ல நகல் எடுக்க ஒரே ஒரு வாய்ப்புதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பூச்சு ஏற்கெனவே வெடித்திருந்தாலும் தூக்கிப் போடவேண்டாம். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், ஊசியே படாமல் தடத்தைப் படமெடுத்து ஒலியாக மாற்றும் ஐரீன் என்ற முறையை உருவாக்கியிருக்கிறார்கள். உடைந்த தட்டிலிருந்தே குரலை மீட்டிருக்கிறார்கள்.

மெட்டுக்கணக்கு:

நகல் எடுப்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் வெட்டக்கூடாது, மணியொலி இருந்தால் எனக்கு அதுதான் முதலில் வேண்டும். இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாத கோப்பு ஒன்று தனியாக வேண்டும். வேகத்தை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நியூஜெர்சி நாடோடி:

நிமிர்த்தி வைத்துவிட்டேன். தட்டிப் பார்த்தேன், உலோகம்தான். உள்வட்டத்துப் பக்கம் ஒரு விரல்கடை நீளத்துக்கு வெடிப்பு தெரிகிறது, மீதி முழுசாக இருக்கிறது. லேபிளில் பென்சில் எழுத்துக்குக் கீழே ஒரு தேதி மாதிரி இருக்கிறது, ஆனால் மங்கியிருக்கிறது. பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுத்து நாளைக்குப் போடுகிறேன்.

சிற்றலை41:

பக்கவாட்டு வெளிச்சம் நல்ல யோசனை. எல்.இ.டி. விளக்கு போடுங்கள், சூடாகும் பல்பு வேண்டாம். பெட்டியில் உள்ள மற்றத் தட்டுகளின் லேபிளையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே கையெழுத்து, ஒரே ஸ்டுடியோ லேபிள் என்றால் மற்ற தட்டுகளில் இருக்கும் தேதிகளை வைத்தே இதன் வருஷத்தைக் குறுக்கிவிடலாம்.